காற்றைக் கழுவ முடியுமா?

கேள்வி: பிள்ளைகளின் ஆரோக்கியம் அவர்களுடைய அப்பா அம்மா கையில்தானே இருக்கிறது? பார்த்துப் பார்த்து வளர்த்தால் போதும். இதில் அரசாங்கம் எதற்குச் சட்டம், வரி என்று மூக்கை நுழைக்கிறது?

பதில்: நீங்கள் பார்த்துப் பார்த்துதான் வளர்ப்பீர்கள், சந்தேகமே இல்லை. ஆனால் பெட்ரோலில் ஈயம் கலந்து விற்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். என்ஜின் தட்டாமல் ஓடவேண்டும் என்று 1920களில் கலக்க ஆரம்பித்தார்கள், அது புகையாய் வெளியே வந்து மண்ணிலும் தூசியிலும் படிந்தது, தவழ்கிற குழந்தை தரையில் கை வைத்து அந்தக் கையை வாயிலும் வைத்தது, அவ்வளவுதான் விஷயம். பெரியவர்களைவிடப் பல மடங்கு ஈயத்தைக் குழந்தை உடம்பு இழுத்துக்கொள்ளும், முதல் அடி மூளைக்கு. இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. அம்மா எத்தனை முறை கை கழுவிவிட்டாலும் காற்றைக் கழுவ முடியுமா? அமெரிக்காவில் 1970களில் ஈயத்தைக் குறைக்க ஆரம்பித்தார்கள், அப்புறம் அங்கே குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் 90 சதவீதத்துக்கும் மேல் இறங்கியது. உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோலை நிறுத்தியது 2021இல். இத்தனைக்கும் பெட்ரோலில் கலக்கும் இந்த ஈயச் சரக்கைத் தயாரித்த ஆலைகளில் தொழிலாளிகள் செத்தது 1924லேயே ஊரறிந்த செய்தி! பெயிண்டில் ஈயத்துக்குக் கட்டுப்பாடே இல்லாத நாடுகள் இன்னும் நிறைய உண்டு.

கேள்வி: ஃபோலிக் அமிலம் என்கிற வைட்டமினைக் கர்ப்பிணிகளுக்கு மாத்திரையாகக் கொடுத்தால் போதாதா? எல்லோரும் சாப்பிடும் மாவில் ஏன் கலக்க வேண்டும்?

பதில்: பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக் குழாய், கரு உண்டான 28 நாளுக்குள் மூடிவிடும்; அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் வேண்டும். அதற்குள் பல பெண்களுக்குக் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது, டாக்டரிடம் போய் மாத்திரை வாங்குவதற்குள் காரியம் முடிந்திருக்கும். அதனால்தான் அமெரிக்காவில் 1998இல் மாவில் சேர்ப்பதைக் கட்டாயமாக்கினார்கள், தண்டுவடக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைந்தது.

கேள்வி: குளிர்பானத்துக்குச் சர்க்கரை வரி போட்டால் விலை ஏறி ஏழைகள் தலையில்தானே விடியும்?

பதில்: எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சும்மா விலையில் இத்தனை சதவீதம் என்று போட்டால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். பிரிட்டன் வேறு மாதிரி செய்தது: 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரியே இல்லை, 8 கிராமைத் தொட்டால் கூடுதல் வரி, அதையும் கம்பெனிதான் கட்டவேண்டும். 2016இல் அறிவித்துவிட்டு 2018 ஏப்ரல் வரை அவகாசம் கொடுத்தார்கள், அந்த இடைவெளியிலேயே பல கம்பெனிகள் சத்தமில்லாமல் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. அப்படிக் குறைத்த பானங்களில் குடிப்பவர் பழக்கத்தை மாற்றவும் இல்லை, அவர் பையில் கை வைக்கவும் இல்லை, உள்ளே போகிற சர்க்கரை மட்டும் குறைந்தது. சுத்தமான பழச்சாறுக்கு விலக்கு கொடுத்ததில்தான் எனக்கு உடன்பாடில்லை. பழத்திலிருந்து வந்த சர்க்கரை என்று பல்லுக்குத் தெரியவா போகிறது?