டிப் செய்தால் போதுமா? கடல்நீர்த் தொட்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீட்டில் 120 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. தன் தொட்டியைக் கலைத்துவிட்ட ஒருவரிடம் மூன்று அக்ரோபோரா ஃப்ராக்கும் (கிளைப்பவளத்தில் வெட்டிய துண்டு) ஒரு ஸோவா கொத்தும் (பூப்போல விரியும், பவளத்தின் உறவான உயிர்) வாங்கினேன். பூச்சி போக மருந்துத் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி, அதாவது டிப் செய்து, நேராகத் தொட்டியில் வைத்துவிடலாம் என்கிறார்கள். போதுமா? இன்னொரு தொட்டிக்கு வீட்டில் இடமில்லை.
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: டிப் கட்டாயம் செய்யுங்கள் அம்மா. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். டிப் மருந்து ஊர்ந்து திரிகிற பூச்சியைத்தான் பிடிக்கும், முட்டையை ஒன்றும் செய்யாது.

அக்ரோபோராவைத் தின்கிற தட்டைப்புழு பவளத்தின் நிறத்திலேயே ஒட்டிக்கிடப்பதால் லேசில் கண்ணில் படாது. சதையில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வட்ட வட்டமாக வெளிறியிருந்தால் அது கடித்த தடமாக இருக்கலாம். முட்டையை உயிருள்ள சதைமேல் இடாது. அடிப்பக்கத்தில் சதை செத்து எலும்புக்கூடு தெரிகிறதே, அங்கேதான் பொன்பழுப்பு நிறத்தில் கொத்தாக ஒட்டி வைத்திருக்கும். அதனால் நான் பவளத்தைவிட அது உட்கார்ந்து வரும் சின்ன வில்லையை, அதாவது ப்ளக்கைத்தான் அதிகம் சந்தேகப்படுவேன். அக்ரோபோரா மூன்றையும் உயிருள்ள சதையோடு சேர்த்துக் கொஞ்சம் மேலேயே கட்டரால் வெட்டுங்கள். பழைய ப்ளக்கைக் குப்பையில் போட்டுவிட்டு, புது ப்ளக்கில் சூப்பர் க்ளூ ஜெல் வைத்து ஒட்டுங்கள். அழகான அடிப்பகுதி போகிறதே என்று மனம் கேட்காதுதான், ஆனால் வெட்டிய கிளை மறுபடி படர்ந்துகொள்ளும்.

டிப் செய்ய மூன்று டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் உங்கள் தொட்டித் தண்ணீரே இருக்கட்டும், அப்போதுதான் வெப்பமும் உப்பும் மாறாது. முதல் டப்பாவில் மருந்து. அளவையும் நேரத்தையும் பாட்டிலில் போட்டிருக்கிறபடியே வையுங்கள், கூட்டினால் செத்துப்போவது பவளம்தான். ஊறுகிற நேரம் முழுக்க, சமையலறையில் வைத்திருக்கிற ரப்பர் பல்ப் பேஸ்டரால் கிளைகளுக்கு நடுவே தண்ணீரைப் பீய்ச்சியடித்துக்கொண்டே இருங்கள். மருந்து புழுவை மயக்குவதோடு சரி, உதிர்க்கிற வேலை நம்முடையது. வெள்ளை டப்பாவாக இருந்தால் விழுவது தெரியும். அப்புறம் மற்ற இரண்டு டப்பாவிலும் அலசுங்கள். டிப் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக்கூடாது. அதை வெளியே மழைநீர் வடிகாலிலும் ஊற்றாதீர்கள். அது நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோ போய்ச் சேரும். வீட்டு சிங்கில் ஊற்றுங்கள்.

தோட்டப் பூச்சிமருந்தில் டிப் செய்கிறவர்களும் உண்டு. புழு சாகும், உண்மைதான். ஆனால் இமிடாக்ளோபிரிட், சைஃப்ளூத்ரின் கலந்த மருந்து இறாலையும் நண்டையும் மிகச் சிறிய அளவிலேயே கொன்றுவிடும். வீட்டுக்குள் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எந்த மருந்தானாலும் சரி, கிளைக்குள் டெட்ராலியா நண்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விரல்நகம் அளவுகூட இருக்காது. அது பவளத்துக்குக் காவலாள். குச்சியால் மெல்லத் தள்ளி வெளியே எடுத்துக் காப்பாற்றி வையுங்கள்.

ஸோவா விஷயம் வேறு. அதைச் சுரண்டவோ வெட்டவோ வேண்டாம். சில இனங்களில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் வைத்தே மென்மையான பிரஷ்ஷால் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். அது ஒட்டிய கல்லை வெந்நீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், ஆவியை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஸோவாவைத் தின்னும் கடல் நத்தைப்புழு அதன் நிறத்தையே உடம்பில் ஏற்றிக்கொள்ளும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சின்ன நத்தையும் வரும். இரண்டையும் இரவில் டார்ச் அடித்துத் தேடுங்கள்.

டிப் செய்த பவளத்தைக் கொஞ்ச நாள் தனியாக வைக்க வேண்டும், அதற்கு இடமில்லை என்றீர்கள். 20 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, ஒரு சின்ன பம்ப், கிளிப் விளக்கு, இவ்வளவு போதும். நம் ஊர்ச் சூட்டுக்கு ஹீட்டர் தேவையில்லை, மேலே ஒரு சின்ன ஃபேன் வைத்தால் நல்லது. ஃபேன் ஓடினால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும், தினமும் ஆர்.ஓ. தண்ணீர் (வடிகட்டிய உப்பில்லாத நீர்) விட்டு, உப்பு அளவைக் காட்டும் ஒப்படர்த்தியை 1.025-க்குக் கொண்டுவாருங்கள். வாரம் ஒருமுறை பெரிய தொட்டியில் மாற்றுகிற தண்ணீரையே இதற்கு ஊற்றலாம். அதே நாளில் மறுபடி டிப். இப்படி ஆறு வாரம். ஏன் ஆறு என்றால், அந்தப் புழு முட்டையிலிருந்து தானே முட்டையிடுகிற அளவுக்கு வளர 27 டிகிரியில் 38 நாள் ஆகிறது. வாராவாரம் டிப் செய்தால் புதிதாகப் பொரிந்தது முட்டையிடும் முன்பே மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: புது மீன் எதுவும் சேர்க்கவில்லை. ஒரு பவளம் மட்டும் டிப் செய்து வைத்தேன். இரண்டு வாரத்தில் க்ளவுன் மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்துவிட்டது. எப்படி?
– வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: பவளத்தோடு வந்திருக்க வாய்ப்பு உண்டு. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி மீனைவிட்டு உதிர்ந்ததும் ப்ளக், கல், நத்தை ஓடு என்று கெட்டியான எதிலாவது கூடு கட்டிக்கொள்ளும். பவளம் தாங்குகிற எந்த டிப்பும் அந்தக் கூட்டை உடைக்காது. சில கூடுகள் 72 நாள் வரை தாமதித்துப் பொரிந்ததாகப் பதிவாகியிருக்கிறது. மீனே இல்லாத பெட்டியில் அத்தனை நாள் பவளத்தை வைத்திருந்தால், பொரிந்து வருவது ஒட்ட மீனின்றிச் செத்துவிடும். இப்போது மீன்களையெல்லாம் வேறு தொட்டிக்கு மாற்றி, அங்கே வைத்தியம் பாருங்கள். பவளம் இருக்கிற தொட்டியில் செம்பு மருந்தை ஊற்றிவிடாதீர்கள், பவளமும் இறாலும் மிஞ்சாது.

கேள்வி: தூத்துக்குடிப் பக்கம் ஒருவர் உயிர்ப்பவளம் தருகிறேன் என்கிறார். வாங்கி டிப் செய்து வைக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: வாங்காதீர்கள் தம்பி. கல்பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போனதற்குப் பவளத்தை வெட்டியெடுத்ததும் ஒரு காரணம். கடல்நீர்த் தொட்டிதான் ஆசை என்றால், செயற்கைக் கல் வைத்து, குஞ்சிலிருந்து பண்ணையில் வளர்த்த க்ளவுன் மீன் ஒரு ஜோடி கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் அதைப் பொரிக்கவைத்து வளர்த்திருக்கிறார்கள். ஒரு ஜோடிக்கு 80 லிட்டர் தொட்டி தாராளம்.