அரசாங்க வேலையும் போடாமல் விட்ட இரண்டாவது ஊசியும்

கேள்வி: 2021-இல் கோவிட் தடுப்பூசியின் முதல் ஊசியைப் போட்ட அன்றே எனக்கு உடல் தடித்து மூச்சுத் திணறியது, ஓர் இரவு அரசாங்க மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். அந்தப் பயத்தில் இரண்டாவது ஊசியைப் போடவில்லை. இப்போது அரசாங்க எழுத்தர் வேலைக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அரசாங்க ஊழியர்கள் தடுப்பூசி போட்டாக வேண்டும் என்ற விதியையே எடுத்துவிட்டார்கள், கவலைப்படாதே என்கிறார் மாமா. இரண்டு ஊசியும் போட்டதாக ஒரு கிளினிக்கில் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிறான் நண்பன். நான் என்ன செய்வது?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு

பதில்: தம்பி, உங்கள் மாமா கேள்விப்பட்டது உண்மைதான். அமெரிக்கக் கூட்டரசு ஊழியர்கள் தடுப்பூசி போட்டாக வேண்டும் என்று 2021 செப்டம்பரில் அதிபர் பைடன் பிறப்பித்த ஆணையை 2022 ஜனவரியில் டெக்சஸ் நீதிமன்றம் ஒன்று தடுத்து நிறுத்தியது. 2023 மே மாதத்தில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. பின்னர், ஒருவர் கோவிட் தடுப்பூசி போட்டாரா, விலக்குக் கேட்டாரா என்பதை வேலைக்கு எடுப்பதிலோ பதவி உயர்விலோ பார்க்கக் கூடாது என்றும், அந்தக் குறிப்புகளைக் கோப்புகளிலிருந்து நீக்க வேண்டும் என்றும் 2025 ஆகஸ்டில் அங்குள்ள பணியாளர் நிர்வாக அலுவலகம் உத்தரவிட்டது. ஆனால் அது அந்நாட்டு ஊழியர்களுக்கான உத்தரவு. அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்கும் நம் பொதுச் சேவை ஆணையத்தின் முன் அதைக் காட்டி எதையும் கோர முடியாது.

இங்கே மலேசியாவில், கூட்டரசுப் பொதுச் சேவை ஊழியர்கள் 2021 நவம்பர் 1-க்குள் தடுப்பூசியை முழுமையாகப் போட்டிருக்க வேண்டும் என்று பொதுச் சேவைத் துறை அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று அறிவித்தது. மறுப்பவர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கை வரலாம் என்ற அந்த அறிவிப்பிலேயே, உடல்நலக் காரணத்தால் போட இயலாதவர்கள் அரசாங்க மருத்துவ அதிகாரியின் உறுதிக் கடிதத்தைக் கொடுக்கலாம் என்ற வழியும் இருந்தது. அந்த வழியைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும், ஏனெனில் நீங்கள் ஊசியை மறுத்தவர் அல்லர், ஊசியால் பாதிக்கப்பட்டவர். அதற்கு மருத்துவமனைப் பதிவே சாட்சி. அரசாங்கக் கிளினிக்கில் அந்தப் பதிவைக் காட்டி, எந்த ஊசி, எத்தகைய ஒவ்வாமை, மறு ஊசி ஏன் கூடாது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். வேலை கிடைத்தால் நியமனத்துக்கு முந்தைய உடற்பரிசோதனையின்போதும் அக்கடிதம் உதவும்.

எந்த ஊசி தேவை என்பது வேலையைப் பொறுத்தும் மாறும். உணவைக் கையாளுவோருக்கு டைபாய்டு ஊசி கட்டாயம். ஆகவே பணி வாய்ப்புக் கடிதம் வந்ததும் அதிலுள்ள நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள்; ஐயம் இருந்தால் அந்தத் துறையிடமே எழுத்து மூலம் கேளுங்கள்.

நண்பர் சொல்லும் சான்றிதழை மட்டும் தொடவே தொடாதீர்கள். போலித் தடுப்பூசிச் சான்றிதழ் விற்ற சந்தேகத்தின்பேரில் 2022 ஜனவரியில் திரெங்கானுவில் தனியார் கிளினிக் மருத்துவர் ஒருவர் கைது செய்யப்பட்டதை நாடே அறியும். விடுபட்ட ஊசிக்கு உங்களிடம் நேர்மையான விளக்கம் இருக்கிறது. பொய்ச் சான்றிதழுக்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்? விண்ணப்பத்தில் பொய்த் தகவல் இருந்தது பிறகு தெரியவந்தால், வேலையில் சேர்ந்த பின்னும் அதை இழக்க நேரிடும்.

நேர்முகத் தேர்வில் இதைப் பற்றிக் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லிக் கடிதத்தைக் கொடுங்கள். மருத்துவமனைகள் பழைய பதிவிலிருந்து அறிக்கை தயாரித்துத் தருவதற்கு நாளாகும் என்பதால், அதற்கான விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.