இன்னும் என்ன சேர்க்கலாம்? வடிவமைப்புக் கேள்வி-பதில்

கே: ஏற்காட்டில் எங்கள் தோட்டத்துக் காபித்தூளை நாங்களே பாக்கெட் போடுகிறோம். கவரில் மலை, ஏரி, காட்டெருமை, காபிப் பழம், டபரா எல்லாம் உண்டு. கடையில் எடுபடவில்லை. இன்னும் என்ன சேர்க்கலாம்?
– நாகலூர் வாசகர்

சேர்க்க ஒன்றும் வேண்டாம், எடுங்கள். வாங்க வருபவர் பார்ப்பது யார் காபி, எந்த ஊர், சிக்கரி உண்டா என்பதை. உங்கள் கவரில் இந்த மூன்றும் காட்டெருமைக்கும் டபராவுக்கும் இடையில் மாட்டிக்கொண்டிருக்கின்றன. சிக்கரி கலந்தால் எத்தனை சதவீதம் என்று அச்சிட்டே ஆக வேண்டும். நீங்கள் கலக்காதவர் என்றால் அதைவிடப் பெரிய விளம்பரம் ஏது? 'சிக்கரி இல்லை' என்று பெரிதாகப் போட்டு, சுற்றிலும் இடம் விடுங்கள். படம் ஒன்று போதும். என் ஓட்டு பழத்துக்கு. மலைப் படம் தேயிலைப் பாக்கெட்டிலும்தான் இருக்கிறது. சட்டப்படி முன்பக்கம் வர வேண்டியவை போக மற்ற விவரமெல்லாம் பின்னால் போகட்டும்.

கே: கொலுசுக் கடையில் பணம் கட்டும் கியூஆர் அட்டையைச் சுற்றிப் பூ டிசைன் போட்டோம். சில போனில் ஸ்கேன் ஆவதில்லை.
– செவ்வாய்பேட்டை

பூ கட்டத்தை ஒட்டி வந்திருக்கும். கட்டத்துக்குள் இருக்கும் குட்டிச் சதுரங்களில் நான்கு அகலத்துக்கு நாலு பக்கமும் வெறுமையாக விட வேண்டும் என்பது அதன் தர விதி. வெற்றிடம் வீண் என்று வாதாடுகிறவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

கே: எளிமை என்பதே வெளிநாட்டு ஃபேஷன்தானே? நமக்கு நிறைவாக இருந்தால்தானே அழகு?
– அம்மாபேட்டை

உங்கள் வீட்டுச் சொம்பை எடுத்துப் பாருங்கள். விரல் பிடிக்கக் கழுத்து, தண்ணீர் சிந்தாமல் ஊற்ற விரிந்த விளிம்பு, தண்ணீர் கொள்ளும் உருண்டை வயிறு. பித்தளை போய் எவர்சில்வர் வந்த பிறகும் அந்த உருவத்தை யாரும் மாற்றவில்லை. 1958-இல் இந்திய அரசு கேட்டு அறிக்கை எழுதிய அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி, இங்கே கண்ட பொருள்களில் இந்தச் சொம்பைத்தான் தனியாக எடுத்துப் புகழ்ந்தார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. உங்கள் பகுதியின் நெசவாளர்களைக் கேளுங்கள். மற்ற இடமெல்லாம் வெறும் வெள்ளையாக இருப்பதால்தான் வெண்பட்டு வேட்டியில் கரைக்கு அத்தனை மதிப்பு என்று சொல்வார்கள். கோயில் கோபுரம் நிறைவாக இருக்கட்டும், அது நின்று நிமிர்ந்து பார்ப்பதற்கு. நோட்டீஸ் நடந்துகொண்டே படிப்பதற்கு.

கே: கல்யாணப் பத்திரிகை சிம்பிளாக வேண்டும் என்கிறாள் மகள். பங்காளி, தாய்மாமன் ஒரு பேரும் விடக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர்.
– அஸ்தம்பட்டி வாசகி

இரண்டும் நடக்கும். தாய்மாமன் பேரை எடுத்துவிட்டு வரும் எளிமை நமக்கு வேண்டாம், அம்மா. பேர் எல்லாம் இருக்கட்டும், ஜரிகை டிசைனைக் குறையுங்கள். முன்பக்கம் பிள்ளையார் சுழி, மணமக்கள் பேர், நாள், முகூர்த்தம், மண்டபம் மட்டும். அதில் பெரிய எழுத்து மணமக்கள் பேருக்கு மட்டுமே. உறவுகளின் பேர் உள்பக்கம், ஒரே எழுத்துரு, ஒரே அளவு. யார் பேர் பெரிது என்ற பேச்சே வராது.

அச்சகத்தில் ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள். தமிழ் எழுத்து மேலேயும் கீழேயும் நீளும். வரியை நெருக்கினால் மேல் வரி 'பூ'வின் வால் கீழ் வரி 'வீ'யின் தலையில் இடிக்கும். எழுத்து 10 பாயிண்ட் என்றால் வரிக்கு 15 பாயிண்டாவது விடச் சொல்லுங்கள். மெரூன் தாளில் பொடி தங்க எழுத்து வேண்டவே வேண்டாம், பெரியவர்கள் கண்ணுக்குத் தெரியாது.

கே: ஏற்காடு மலைப்பாதையில் எங்கள் ஹோம்ஸ்டே போர்டில் என்னென்ன எழுதலாம்?
– வெள்ளக்கடை

பேர், அம்புக்குறி, இன்னும் எத்தனை கிலோமீட்டர். போன் நம்பர், ரூம் படம், 'ஏசி, வைஃபை' எதுவும் வேண்டாம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர் எதிரே வரும் பஸ்ஸைப் பார்ப்பாரா, உங்கள் நம்பரைப் படிப்பாரா? பச்சை போர்டும் வேண்டாம், பின்னால் நிற்கும் மரமெல்லாம் பச்சை. உங்கள் சொந்த இடத்தில், வளைவு முடிந்து பாதை நேராகும் பக்கமாக நட்டு வையுங்கள்.