ஒரு பாயிண்ட் வந்தாச்சு, ரேங்கிங்ல பேரு எங்க?

கேள்வி: என் பொண்ணுக்கு 15 வயசு. ஜூனியர் டென்னிஸ்ல நல்லா ஆடிட்டு இருக்கா. போன மாசம் முதல் தடவையா பெரியவங்க ஆடுற டபிள்யூ15 டோர்னமென்ட்ல (ப்ரோ லெவல்ல அடிமட்டம் இதுதான்) மெயின் டிராவுக்கு, அதாவது முக்கியச் சுற்றுக்குப் போய் ஒரு மேட்ச் ஜெயிச்சா. ஒரு பாயிண்ட் வந்துச்சுன்னு கோச் சொன்னார், ஆனா பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏவோட ரேங்கிங்ல தேடினா பேரே காணோம். இப்ப அவ ப்ரோவா, அதாவது தொழில்முறை ஆட்டக்காரியா இல்லையா? அடுத்து எதை மைல்கல்லா வச்சுக்கணும்? 18 வயசுக்குள்ள டாப் 100 வரலைன்னா படிப்புப் பக்கம் திருப்பிடலாம்னு வீட்ல பேசுறாங்க, அது சரியா?

பதில்: முதல்ல அந்த ஒரு பாயிண்ட். அது எங்கயும் தொலைஞ்சு போகல, பத்திரமா கணக்குல இருக்கு. சிங்கிள்ஸ் ரேங்கிங்ல பேரு வரணும்னா 52 வாரத்துக்குள்ள மூணு டோர்னமென்ட்ல பாயிண்ட் எடுத்திருக்கணும், இல்லன்னா மொத்தமா 10 பாயிண்ட் சேர்ந்திருக்கணும். டபிள்யூ15ல கடைசி 16க்கு வந்தா 1, குவார்ட்டர் ஃபைனல் வந்தா 3, செமிக்கு 6, ஃபைனல்ல தோத்தா 10, கப் அடிச்சா 15. அப்ப என்ன ஆச்சுன்னா, ஒரே ஒரு ஃபைனல் வந்தாலே பேரு வந்துடும், அது இல்லன்னா இதே மாதிரி இன்னும் ரெண்டு டோர்னமென்ட்ல தலா ஒரு மேட்ச் ஜெயிச்சாப் போதும். உங்க பொண்ணுக்கு அடுத்த மைல்கல் இவ்ளோதான், ரேங்கிங்ல பேரு வர்றது. விம்பிள்டன் எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

இதுல பல பேர் ஏமாற ஒரு விஷயம் இருக்கு. பாயிண்டுக்கு ஆயுசு 52 வாரம்தான். இந்த வருஷம் எந்த வாரம் எடுத்தீங்களோ அடுத்த வருஷம் அந்த வாரம் அது கழண்டு போயிடும். அதனால மூணாவது பாயிண்ட் வர்றதுக்குள்ள முதல் பாயிண்ட் போயிடுச்சுன்னா கணக்குல ஒண்ணு குறைஞ்சுடும், அதுக்குப் பதிலா இன்னொரு டோர்னமென்ட்ல எடுக்கணும். இன்னொண்ணு, ஜூனியர் ரேங்கிங் தனி, டபிள்யூடிஏ ரேங்கிங் தனி, அங்க எடுத்த பாயிண்ட் இங்க செல்லாது. ஆனா ஜூனியர்ல முதல் 100க்குள்ள இருந்தா டபிள்யூ15 மெயின் டிராவுல சில இடம் அவங்களுக்குன்னே சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பான ஐடிஎஃப் ஒதுக்கி வச்சிருக்கு, அதனால ஜூனியரை உடனே விட்டுடாதீங்க.

அடுத்தது "ப்ரோவா இல்லையா". சர்டிஃபிகேட் எல்லாம் யாரும் குடுக்க மாட்டாங்க. பெரியவங்க டோர்னமென்ட்ல ஆடி பரிசுப் பணம் வாங்க ஆரம்பிச்சா ஊர் உலகம் ப்ரோன்னு சொல்லும், அவ்ளோதான். செரீனா வில்லியம்ஸ் 1995ல 14 வயசுல கியூபெக்ல குவாலிஃபையிங் (மெயின் டிராவுக்குள்ள போறதுக்கான தகுதிச் சுற்று) ஆடினாங்க, அதான் அவங்களோட முதல் ப்ரோ மேட்ச், 6-1, 6-1னு தோத்துட்டு வந்தாங்க. 1999ல யுஎஸ் ஓப்பன் ஜெயிக்கும்போது வயசு 17. அந்த முதல் மேட்ச் ஸ்கோரை மட்டும் பார்த்துட்டு யாராவது முடிவு எடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

வயசு விஷயத்துல ஒரு விதி இருக்கு, அது உங்களுக்கு இப்பவே பொருந்தும். 14 வயசு ஆகாம யாரும் ப்ரோ டோர்னமென்ட் ஆட முடியாது, அதுக்கப்புறம் வருஷத்துக்கு இத்தனைதான்னு கணக்கு, வயசு ஏற ஏற எண்ணிக்கை கூடும், 18 ஆனா தடையே இல்ல. இது ஏன் வந்துச்சுன்னா ஜெனிஃபர் காப்ரியாட்டி. 1990ல 13 வயசுல ப்ரோ ஆகி, ஆடின முதல் டோர்னமென்ட்லயே ஃபைனல், அதே வருஷம் ஃப்ரெஞ்ச் ஓப்பன் செமி, 1992 ஒலிம்பிக்ல ஸ்டெஃபி கிராஃபை ஜெயிச்சு தங்கம், அப்புறம் 17 வயசுல எல்லாம் போதும்னு டூரை, அதாவது ப்ரோ டோர்னமென்ட் சுற்றை விட்டே ஒதுங்கிட்டாங்க. (திரும்பி வந்து 2001ல ரெண்டு கிராண்ட்ஸ்லாமும் நம்பர் ஒன்னும் எடுத்தாங்க, அது வேற கதை.) இந்த வருஷம் உங்க பொண்ணுக்கு எத்தனை டோர்னமென்ட் அனுமதின்னு விதிப் புத்தகத்துல பார்த்துட்டு அதை சிக்கனமா செலவு பண்ணுங்க, போற போக்குல எதுலயாவது பேரைக் குடுத்து வீணாக்கிடாதீங்க.

சரி, மைல்கல். பேப்பர்ல வர்றது எல்லாம் கோப்பைக் கணக்கு, முதல் பட்டம், முதல் கிராண்ட்ஸ்லாம், நம்பர் ஒன். ஆனா டூர்ல இருக்கிறவங்க கணக்கே வேற, அவங்க பேசுறது எல்லாம் கட்-ஆஃப் பத்திதான், அதாவது என் ரேங்க்கை வச்சு எந்த டோர்னமென்ட்ல நேரா உள்ள போகலாம்ங்கறது. கீழ இருந்து டபிள்யூ15, டபிள்யூ35, டபிள்யூ50, டபிள்யூ75, டபிள்யூ100, அதுக்கு மேல டபிள்யூடிஏ 125, 250, 500, 1000, உச்சியில நாலு கிராண்ட்ஸ்லாம். அந்த நம்பர்தான் ஜெயிக்கிறவங்களுக்குக் கிடைக்கிற பாயிண்ட், கிராண்ட்ஸ்லாமுக்கு மட்டும் 2000. மேல போகப் போக ஒரு மேட்ச்சோட மதிப்பே மாறிடும், கிராண்ட்ஸ்லாம்ல முதல் ரவுண்ட் தோத்தாலே 10 பாயிண்ட், ஒண்ணு ஜெயிச்சா 70. அதே 70ஐ டபிள்யூ15ல எடுக்கணும்னா அஞ்சு கப் அடிச்சாக்கூட 75தான் வரும். அதனால டபிள்யூ15லயே ரெண்டு மூணு வருஷம் சுத்திட்டு இருக்கிறது பாதுகாப்பு மாதிரி தெரியும், ஆனா அதான் பெரிய பொறி.

என்னைக் கேட்டா நிஜமான மைல்கல் மூணு நம்பர்தான். முதலாவது ரேங்க் 250 பக்கம், அங்க வந்தா கிராண்ட்ஸ்லாம் குவாலிஃபையிங்ல இடம் கிடைக்கும், மூணு மேட்ச் ஜெயிச்சா மெயின் டிரா. ரெண்டாவது 100 பக்கம். கிராண்ட்ஸ்லாம் மெயின் டிராவுல மொத்தம் 128 பேர், அதுல 104 பேர் ரேங்க்கை வச்சு நேரா உள்ள வர்றவங்க, 16 பேர் குவாலிஃபையிங்ல இருந்து, 8 பேர் வைல்டு கார்டு, அதாவது நடத்துறவங்க நேரா குடுக்கிற இடம். டாப் 100னு எல்லாரும் உயிரை விடுறது அந்த 104க்காகத்தான், கௌரவம் எல்லாம் அப்புறம். 2024 யுஎஸ் ஓப்பன்ல முதல் ரவுண்ட் தோத்தவங்களுக்கே ஒரு லட்சம் டாலர், டபிள்யூ15ல பார்த்தீங்கன்னா மொத்த டோர்னமென்ட்டுக்கும் சேர்த்து பரிசு 15,000 டாலர். கோச், ஃபிசியோ, ஃப்ளைட் டிக்கெட் எல்லாத்தையும் ஆட்டமே பார்த்துக்கிற நிலைமை அந்த நம்பருக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. மூணாவது 32, சீடு கிடைக்கும், அதாவது முன்னணி ஆட்டக்காரின்னு டிராவுல தனியா பிரிச்சு வைப்பாங்க, முதல் ரெண்டு ரவுண்ட்ல இன்னொரு சீடு எதிர்ல வர மாட்டாங்க.

ஆனா வர்றதை விட தங்குறதுதான் கஷ்டம். எம்மா ராடுகானு 2021ல 150வது ரேங்க்ல குவாலிஃபையிங் ஆட வந்து பத்து மேட்ச், ஒரு செட் கூட விடாம யுஎஸ் ஓப்பனையே தூக்கிட்டுப் போனாங்க, அதுக்கு முன்னாடி கிராண்ட்ஸ்லாம் மெயின் டிரா ஆடினதே ஒரே ஒரு தடவைதான். அடுத்த வருஷம் அதே இடத்துல முதல் ரவுண்ட் தோத்தாங்க, ரேங்க் 11ல இருந்து 83க்கு இறங்கிட்டாங்க. போன வருஷம் எடுத்த பாயிண்ட் கழண்டு போறதால மறுபடி அதே அளவு எடுத்தாகணும், பாயிண்ட் டிஃபெண்ட் பண்றதுன்னு சொல்றாங்களே, அது இதுதான். உங்க பொண்ணு 400க்கு வந்தாலும் சரி 40க்கு வந்தாலும் சரி, அதே இடத்துல ரெண்டாவது வருஷமும் நிக்கிறாளான்னு பாருங்க, அதுக்கப்புறம் அதை மைல்கல்னு சொல்லுங்க.

இப்ப அந்த 18 வயசு, டாப் 100 விஷயம். வீட்ல சொல்றவங்க கிட்ட இதைக் காட்டுங்க. ஏஞ்சலிக் கெர்பர் 2011 யுஎஸ் ஓப்பனுக்கு வரும்போது ரேங்க் 92, வயசு 23, அந்தத் தடவை செமி வரைக்கும் போனாங்க, முதல் கிராண்ட்ஸ்லாம் 2016ல 28 வயசுல, நம்பர் ஒன்னும் அதே வருஷம்தான். ஃப்ளாவியா பென்னெட்டா 2015 யுஎஸ் ஓப்பன் ஜெயிச்சது 33 வயசுல, ஜெயிச்ச கையோட ரிட்டயர்மென்டும் அறிவிச்சுட்டாங்க. டட்ஜானா மரியா ரெண்டு குழந்தைக்கு அம்மா, 34 வயசுல விம்பிள்டன் செமி, 2025ல 37 வயசுல குவாலிஃபையிங்ல இருந்து வந்து லண்டன் குயின்ஸ் டோர்னமென்ட் பட்டம், அது 500 லெவல் டோர்னமென்ட்ங்க.

படிப்பையும் ஆட்டத்தையும் எதிரெதிரா வைக்கிறதே தப்புன்னு நான் சொல்வேன். லி நா 2002ல ஆட்டத்தையே விட்டுட்டு காலேஜ்ல சேர்ந்தாங்க, 2004ல திரும்பி வந்தாங்க, 2011ல 29 வயசுல ஃப்ரெஞ்ச் ஓப்பன், சிங்கிள்ஸ்ல கிராண்ட்ஸ்லாம் ஜெயிச்ச முதல் ஆசியர் அவங்கதான். டேனியல் காலின்ஸ் அமெரிக்க காலேஜ் டென்னிஸ் ஆடி 2014, 2016 ரெண்டு தடவை சாம்பியன், படிப்பை முடிச்சுட்டு டூருக்கு வந்து 2022 ஆஸ்திரேலியன் ஓப்பன் ஃபைனல் ஆடினாங்க. இந்த வழி மனசுல இருந்தா ஒண்ணு மட்டும் கவனம், பரிசுப் பணத்தை வாங்குறதுக்கு முன்னாடி காலேஜ் விளையாட்டு விதிகளைப் படிங்க, அந்த விதி அடிக்கடி மாறுது, வாங்கின அப்புறம் வருத்தப்பட்டுப் பிரயோஜனம் இல்ல.

டபுள்ஸை சும்மா சைடு டிஷ் மாதிரி நினைக்காதீங்க. சானியா மிர்சா சிங்கிள்ஸ்ல 2007ல 27 வரைக்கும் வந்தாங்க, மணிக்கட்டு காயம் விடல, டபுள்ஸ் பக்கம் முழுசா போனாங்க, 2015ல உலக நம்பர் ஒன். பார்பொரா கிரெய்ச்சிகோவா டபுள்ஸ்ல கிராண்ட்ஸ்லாம் எல்லாம் எடுத்த அப்புறம்தான் 2021ல சிங்கிள்ஸ்ல ஃப்ரெஞ்ச் ஓப்பன் எடுத்தாங்க, அப்ப சீடு கூட இல்ல.

நடுவுல நின்னா எல்லாம் போச்சுன்னும் கிடையாது. காயத்துல ஆறு மாசம் அல்லது அதுக்கு மேல ஆட முடியலைன்னா பழைய ரேங்க்கை வச்சு குறிப்பிட்ட எண்ணிக்கை டோர்னமென்ட்ல நுழைய விதி இருக்கு, குழந்தை பெத்துக்கிட்டு திரும்பி வர்றவங்களுக்கும் உண்டு. ஆஷ் பார்ட்டி 2014ல டென்னிஸே வேண்டாம்னு போய் கிரிக்கெட் ஆடினாங்க, 2016ல திரும்பினாங்க, 2019ல ஃப்ரெஞ்ச் ஓப்பனும் நம்பர் ஒன்னும், 2022ல 25 வயசுல நம்பர் ஒன்னா இருக்கும்போதே ரிட்டயர் ஆகிட்டாங்க.

உங்களுக்கு இப்ப அடுத்த 12 மாசத்துக்கு நான் சொல்றது: ஜூனியர் பெரிய டோர்னமென்டும் டபிள்யூ15உம் கலந்து ஆடட்டும், ரெண்டு மூணு டபிள்யூ15ஐ ஒரே இடத்துல தொடர்ச்சியா நடத்துறாங்க பாருங்க, அந்த மாதிரி வாரங்களாப் பிடிங்க, பயணமும் மிச்சம், முதல் வாரம் தோத்தாலும் அடுத்த வாரம் இருக்கு. பேரு ரேங்கிங்ல வந்த அப்புறம் அவ யாரை ஜெயிச்சா, எதிர்ல நின்னவங்க ரேங்க் என்னன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. தன்னை விட 200, 300 இடம் மேல இருக்கிறவங்களை அப்பப்ப சாய்க்கிறான்னா டபிள்யூ35க்கு ஏறச் சொல்லலாம், ரேங்க் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம்.

கடைசியா ரெண்டு. 15 வயசா இருந்தாலும் ஊக்கமருந்து விதி அவளுக்கும் உண்டு, சளிக்கு வாங்குற மாத்திரையைக் கூட தடை லிஸ்ட்ல பார்த்துட்டுக் குடுங்க. அப்புறம் அவ தோக்குற அன்னிக்கு முகம் தெரியாத பெட்டிங் ஆளுங்க கிட்ட இருந்து போனுக்குக் கேவலமான மெசேஜ் வரும், டபிள்யூ15 லெவல்லயே வரும், அந்த போன் மேட்ச் முடிஞ்சு ஒரு மணி நேரமாவது உங்க பையில இருக்கட்டும்.