மோட்டார் ஸ்விட்ச் ஹவுஸ் ஓனர் கையில்: வாடகைதாரர்களின் கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

ஓனரும் குடியிருப்பவர்களும் ஒரே காம்பவுண்டில் இருக்கும் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளே இம்முறை அதிகம். சண்டை வாடகையைப் பற்றியதாக இருக்கும், நின்றுபோவது தண்ணீரோ கரண்டோ ஆக இருக்கும்.

மாடி போர்ஷனில் இருக்கிறோம். ஒப்பந்தம் முடிய இன்னும் 5 மாதம் இருக்கும்போதே ஓனர் வாடகையை ஏற்றச் சொன்னார், மறுத்தோம். அதிலிருந்து காலையில் பத்து நிமிடம்தான் மோட்டார் போடுகிறார். கேட்டால் போரில் தண்ணீர் இல்லை என்கிறார். (மடிப்பாக்கம் வாசகி)

முதலில் வாடகை. ஒப்பந்தத்திலேயே ஏற்றுவதற்கு இடம் கொடுத்திருந்தால் ஒழிய, நடுவில் ஏற்ற முடியாது. நீங்கள் மறுத்தது சரி.

அடுத்து தண்ணீர். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, லிஃப்ட், துப்புரவு வசதி எதையும் ஓனர் தானாகவோ ஆளை வைத்தோ துண்டிக்கக் கூடாது, தடுத்தும் வைக்கக் கூடாது. முழுக்க நிறுத்தினால்தான் தவறு என்று நினைக்க வேண்டாம். வேண்டுமென்றே பத்து நிமிடத்தோடு மோட்டாரை அணைப்பதும் தடுத்து வைப்பதுதான் என்பது என் கருத்து.

வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி அவர், கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். விசாரணையை ஒரு மாதத்துக்குள் நடத்த வேண்டும். அதுவரை நீங்கள் தவிக்க வேண்டியதில்லை: வசதியை உடனே திரும்பக் கொடு என்று இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவில் அதைத் தனியாகக் கேளுங்கள். நிறைய பேர் புகாரை மட்டும் எழுதிவிட்டு இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

மனுவுக்கு முன்னால் ஆதாரம் சேருங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு மோட்டார் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காலி டேங்கைப் படம் எடுங்கள், லாரித் தண்ணீருக்குக் கொடுத்த ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். ஓனருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி, மரியாதையாக, "தண்ணீர் போதவில்லை, மோட்டாரைக் கூடுதலாக ஓட விடுங்கள்" என்று அனுப்புங்கள். அவர் பதில் போட்டாலும் போடாவிட்டாலும் அது உங்களுக்குச் சாட்சி.

ஒரு எச்சரிக்கை. கோடையில் போர் உண்மையிலேயே வற்றும். அவர் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் இல்லையா, பக்கத்து வீடுகளில் எப்படி என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். வீம்புக்கு மனு போட்டதாகத் தெரிந்தால் வாடகைதாரருக்கும் அபராதம் விதிக்க அதே பிரிவில் இடம் இருக்கிறது.

எங்கள் 11 மாத ஒப்பந்தம் 20 ரூபாய் பத்திரத்தில் எழுதியது, எங்கும் பதியவில்லை. நாங்கள் புகார் செய்ய முடியுமா? (மதுரை வாசகர்)

11 மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்பது பழைய வழக்கம். புதிய சட்டப்படி எத்தனை மாதத்துக்கு எழுதினாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அரசின் இணையதளம் வழியாகவே செய்யலாம். பதியாத ஒப்பந்தத்தோடு போனால் அதிகாரி முதலில் அதைத்தான் கேட்பார், உங்கள் கை பலவீனமாகிவிடும். ஆனாலும் கதவு மூடிவிடவில்லை. வாடகை கட்டியதற்கு வங்கிக் கணக்கு, கேஸ் இணைப்பு முகவரி போன்றவற்றோடு சிவில் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம். இப்போதே ஓனரிடம் பேசிப் பதிவு செய்துகொள்வது இதைவிடச் சுலபம். சண்டை வந்த பிறகு அவர் கையெழுத்துப் போட மாட்டார்.

கரண்ட் கொடுக்கும்வரை வாடகை கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சரிதானே? (ஆவடி வாசகர்)

சரியில்லை. உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் வாடகை பாக்கி வெளியேற்றுவதற்கான காரணங்களில் ஒன்று. அதை நீங்களே அவர் கையில் கொடுக்காதீர்கள். வங்கி மூலம் கட்டுங்கள். அவர் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி இருக்கிறது.

நாலு போர்ஷனுக்கும் ஒரே இ.பி. மீட்டர். ஓனர் பில் கட்டாமல் விட்டுவிட்டார், ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டார்கள். தனி இணைப்பு கேட்டால் ஓனர் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். (கோவை வாசகி)

இன்றிரவு விளக்கு எரிய வேண்டும் என்றால், சர்வீஸ் நம்பர் தெரிந்த யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் பில் கட்டலாம். நால்வரும் பகிர்ந்து கட்டி, ரசீதை வைத்துக்கொண்டு, வாடகையில் கழிக்க ஓனரிடம் எழுத்தில் சம்மதம் கேளுங்கள்.

தனி இணைப்புக்கு ஓனர் கையெழுத்து இல்லையென்றால் முடியாது என்பது சரியல்ல. மின்சாரச் சட்டம் 2003-இன் 43ஆம் பிரிவு, உரிமையாளர் மட்டுமல்ல, குடியிருப்பவர் கேட்டாலும் இணைப்புத் தர வேண்டும் என்கிறது. ஓனரின் தடையில்லாச் சான்று இல்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்க முடியாது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டு விதிகளிலேயே இதற்கு வழி உண்டு: சட்டப்படி குடியிருப்பதற்கான ஆதாரம், இழப்பீட்டு உறுதிப் பத்திரம், வழக்கமானதைப்போல் இருமடங்கு வைப்புத்தொகை. செலவு கூடுதல்தான். ஆனால் அதன்பின் உங்கள் கரண்ட் யார் தயவிலும் இல்லை, இலவச யூனிட்டும் உங்கள் கணக்கில் வரும்.

ஓனர் மெயின்டனன்ஸ் கட்டவில்லை என்று அப்பார்ட்மென்ட் சங்கம் எங்கள் தண்ணீரை நிறுத்திவிட்டது. (வேளச்சேரி வாசகர்)

பாக்கி ஓனருடையது, நீங்கள் அவருக்கு வாடகையை ஒழுங்காகக் கொடுத்திருக்கிறீர்கள். ஓனருக்கும் சங்கத்துக்கும் ஒரே கடிதத்தில் எழுதுங்கள், வாடகை ரசீது நகலோடு. ஓனர் அசையாவிட்டால் மனு.

நான் வீட்டு உரிமையாளர். நாலு மாதமாக வாடகை வரவில்லை. ஃப்யூஸை எடுத்தால்தான் காலி செய்வார்கள் என்கிறார்கள். (திருச்சி வாசகர்)

எடுக்காதீர்கள். உங்கள் பக்கம் முழு நியாயம் இருந்தும், ஃப்யூஸில் கை வைத்த அன்றே புகார் கொடுக்கும் உரிமை குடியிருப்பவருக்குக் கிடைத்துவிடும். பூட்டை மாற்றுவது அதைவிட மோசம்: வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு, வீடு யாருடையது என்ற கேள்விக்கே போகாமல், திரும்பக் குடியேற முடியும். பாக்கியைக் கேட்டு முறையாக நோட்டீஸ் அனுப்பி, அப்புறம் வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்ற மனு போடுங்கள். கையில் இருக்கும் அட்வான்ஸில் பாக்கி எவ்வளவு தீரும் என்பதையும் இன்றே கணக்குப் பாருங்கள்.