மேடை ஓரத்துத் திரை

கேள்வி: பெரிய ராக் பாடகர்கள் பலர் காலடியில் டெலிப்ராம்ப்டர் என்ற எழுத்துத் திரையை வைத்துக்கொண்டு பாட்டு வரிகளைப் பார்த்துப் பாடுகிறார்கள். தானே எழுதி, நாற்பது வருடமாகப் பாடிவரும் பாட்டை மனப்பாடமாகப் பாடத் தெரியாதவருக்கு மேடை எதற்கு? டிக்கெட் வாங்கியவனை ஏமாற்றும் வேலை இல்லையா இது? 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

பதில்: ஏமாற்று என்பது பெரிய சொல். அதைக் கண்ட இடத்தில் செலவழித்துவிட்டால், நிஜமான ஏமாற்று வந்து நிற்கும்போது சொல்வதற்கு எதுவும் மிஞ்சாது. 1990-இல் மில்லி வனில்லி என்ற இருவர் குழுவுக்குக் கொடுத்த கிராமி விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆல்பத்தில் ஒலித்த குரல் அவர்களுடையதே இல்லை. யாரோ பாட, இவர்கள் வாயசைத்து ஆடினார்கள். அதற்குப் பெயர் ஏமாற்று. டிக்கெட் வாங்கியவருக்குப் பாடகர் பட்ட கடன் அந்த நேரத்துக் குரலும் அந்த நேரத்து மூச்சும்தான். டெலிப்ராம்ப்டர் சுருதி சேர்க்காது. உச்சத்தில் உடையப்போகும் தொண்டையைத் தாங்கியும் பிடிக்காது. பதிவுசெய்த குரலைப் பின்னால் ஓடவிட்டு அதன் மேல் கொஞ்சம் பாடிவிட்டுப் போகிறவர்கள் மீது உங்களுக்குக் கோபம் வரவில்லை, நாலு வரி எழுத்தைப் பார்த்து வருகிறது. விசித்திரம்தான்.

சுரைக்காய் விஷயத்துக்கும் வருகிறேன். பழமொழி கேலி செய்வது ஏட்டில் மட்டும் இருக்கிற காயை. கொடியிலும் காய்த்து, ஏட்டிலும் எழுதியிருந்தால் கறிக்கு என்ன குறை?

யார் வைத்துக்கொள்கிறார்கள் என்று பாருங்கள். ஆக்ஸில் ரோஸ் வைத்துக்கொள்கிறார். மறைந்த ஓஸி ஆஸ்போர்ன் வைத்திருந்தார். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் வைத்துக்கொள்கிறார். இந்தக் கடைசி ஆள் 2012 ஜூலை 31 அன்று ஹெல்சின்கியில் 4 மணி 6 நிமிடம் பாடினார். அப்போது வயது 62. அவருடைய கச்சேரிகளில் ரசிகர்கள் அட்டையில் பாட்டின் பெயரை எழுதித் தூக்கிப் பிடிப்பார்கள். அவர் ஒன்றிரண்டை வாங்கிப் பார்த்து, குழுவிடம் காட்டி, எத்தனையோ ஆண்டுகளாகத் தொடாத பாட்டை அங்கேயே எடுத்துப் பாடுவார். அந்தத் துணிச்சலுக்குக் காலடியில் இருக்கும் திரையும் ஒரு கைத்தடி. 'மனப்பாடம் இருப்பதை மட்டும் பாடு' என்று நீங்கள் விதி போட்டால், ஊருக்கு ஊர் அதே இருபது பாட்டுதான் கிடைக்கும். அதற்கு வீட்டிலேயே ஆல்பம் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தத் திரை தானாக ஓடுவதாகப் பலரும் நினைக்கிறார்கள். மேடையின் முன் விளிம்பில், ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கு நடுவே, சாய்வாக ஒரு திரை. அதில் தூரத்திலிருந்தே படிக்கிற அளவுக்குக் கொட்டை எழுத்து. ஆனால் பக்கவாட்டில் ஓர் ஆள் உட்கார்ந்து, பாட்டைக் காதால் தொடர்ந்தபடி வரிகளைக் கையால் நகர்த்திக்கொண்டிருப்பார். கித்தார் வாசிப்பவர் உற்சாகத்தில் தனி ஆவர்த்தனத்தை நீட்டினால் அவர் காத்திருக்க வேண்டும். பாடகர் ஒரு சரணத்தை விழுங்கிவிட்டால் அவரும் தாவ வேண்டும். அவர் ஒரு வரி பிசகினால், திரையை மட்டுமே நம்பியவர் தொலைந்தார். அதனால் கெட்டிக்காரர்கள் வரி முழுவதையும் படிப்பதில்லை. சரணத்தின் முதல் சொல்லைக் கண்ணால் தொட்டுவிட்டு நிமிர்ந்துவிடுவார்கள். மீதியை நாக்கு பார்த்துக்கொள்ளும்.

இதுவும் புதுப் பழக்கம் இல்லை. ஹியூபர்ட் ஷ்லாஃப்லி என்ற பொறியாளரும் கூட்டாளிகளும் 1950 வாக்கில் டெலிப்ராம்ப்டரைச் செய்தது தொலைக்காட்சி நடிகர்களுக்காக. அப்போது அது மோட்டாரில் சுற்றும் காகிதச் சுருள். அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே ஐரோப்பிய இசை நாடகமான ஆப்பெராவில் மேடையின் நடுவே, பார்வையாளர் பக்கம் மறைப்பு வைத்த ஒரு குழியில் ஓர் ஆள் உட்கார்ந்து, பாடகர் வாய் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் அடுத்த வரியின் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பல அரங்குகளில் இன்றும் கொடுக்கிறார். ஆப்பெரா ரசிகர்கள் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை. இன்னொரு வேடிக்கை. பியானோ மேதை க்ளாரா ஷூமன் இளம் வயதில் இசைக் குறிப்பு நோட்டு வைக்காமல் வாசித்தபோது, அதைத் திமிர் என்று திட்டியவர்கள் உண்டு. 1980-களில் இன்னொரு பியானோ மேதை ஸ்வியாத்தஸ்லாவ் ரிக்டர் அரங்கை இருட்டாக்கி, சின்ன விளக்கொளியில் நோட்டைப் பார்த்தே வாசித்தார். அதுதான் நேர்மை என்றும் சொன்னார். நீங்கள் அனாதி காலத்து விதி என்று நினைப்பது இருநூறு வருடம்கூட ஆகாத நாகரிகம்.

'தானே எழுதிய பாட்டு' என்கிறீர்கள். எழுதியவருக்குத்தான் தொல்லை அதிகம் என்பேன். கேட்பவருக்குத் தெரிவது அச்சேறிய ஒரே வடிவம். எழுதியவருக்கு அடித்துத் திருத்திய நாலு வடிவங்களும் உள்ளே கிடக்கின்றன. சரணங்களுக்கெல்லாம் மெட்டு ஒன்றே என்பது இன்னொரு வினை. நினைவுக்குக் கைகொடுக்கிற மெட்டே, இரண்டாம் சரணத்தின் நடுவில் மூன்றாம் சரணத்துக்கு வழிகாட்டிவிடும். இரண்டு கதவுக்கும் ஒரே சாவி.

2016 டிசம்பர் 10, ஸ்டாக்ஹோம். பாடகர் பாப் டிலனுக்கு நோபல் பரிசு; அவர் வரவில்லை. அவருடைய பாட்டைப் பாடகி பேட்டி ஸ்மித் பாடுகிறார். எதிரே மன்னர், பின்னால் இசைக்குழு. இரண்டாம் சரணத்தில் நின்றுவிட்டார். மன்னிப்புக் கேட்டார், பதற்றமாக இருக்கிறது என்றார், மறுபடி ஆரம்பித்துப் பாடி முடித்தார். சொற்கள் மறக்கவில்லை, அவற்றை வெளியே எடுக்கத்தான் முடியவில்லை என்று பிறகு எழுதினார். அந்த நிமிடத்தின் படபடப்பை அனுபவித்தவர்கள் உங்கள் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் இன்னும் கொடுமையை அனுபவித்தவர். 1967-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தின் முன் வரிகள் மறந்தன. அந்தப் பயத்தில் கட்டணக் கச்சேரிகளை விட்டுப் பல ஆண்டுகள் ஒதுங்கியிருந்தார். 1990-களில் திரும்பி வந்தபோது டெலிப்ராம்ப்டரோடு வந்தார். பல வருட மௌனம் மேலா, காலடியில் ஒரு கண்ணாடித் துண்டு மேலா? நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 1960 பிப்ரவரியில் பெர்லினில் ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒரு பாட்டைத் தொடங்குமுன், வரிகள் எல்லாம் நினைவிருக்கும் என்று நம்புகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். பாதியில் மறந்தும் போனார். நிறுத்தவில்லை. மறந்துபோனதையே அதே தாளத்தில் வரியாக்கிப் பாடினார், நடுவில் இன்னொரு ஜாஸ் பாடகரான லூயி ஆம்ஸ்ட்ராங் குரலில் கரகரத்தும் காட்டினார். அந்தப் பதிவுக்குக் கிராமி கிடைத்தது. காலடியில் திரை இருந்திருந்தால் நமக்கு அது கிடைத்திருக்காது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டாக இருக்க வேண்டும். மற்றவர்கள் அந்த இடத்தில் 'லா லா' என்று இழுப்பார்கள்.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். முப்பது வயதுத் தொண்டை, வரிசை மாறாத அதே பட்டியல், இரவுக்கு இரவு அதே பாட்டு. ஆனாலும் கண் திரையை விட்டு நகராது. காதலைப் பற்றிய வரியை, பஸ் நிலைய அறிவிப்பைப் படிப்பது போல, மூன்றடி தூரத்தில் தரையைப் பார்த்துப் பாடுகிறார். மூச்சு எடுக்க வேண்டிய இடம் பாட்டில் ஒன்று, திரையில் வரி மடங்கும் இடம் இன்னொன்று. அவர் மடங்கும் இடத்தில் மூச்சு எடுக்கிறார். கூட்டம் ஒரே குரலில் திருப்பிப் பாடுகிறது, அதையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இவரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் குற்றம் சோம்பேறித்தனம். திரையின் மேல் பழி போட்டு அவரைத் தப்பவிடாதீர்கள்.

பி.கு.: உங்களுக்கு உயிரான பாட்டு என்று கடிதத்தின் பின்பக்கம் ஒரு சரணம் முழுவதையும் எழுதியிருந்தீர்கள். இடம் கருதி வெட்டிவிட்டேன். அதில் முதல் இரண்டு வரி இரண்டாம் சரணத்தில் வருபவை, கடைசி இரண்டு வரி மூன்றாம் சரணத்தில். அடுத்த கடிதம் எழுதும்போது பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் யாரிடமும் சொல்ல மாட்டோம்.