முடிச்சு சிக்கினால் ஊசியைப் பாருங்கள்

கே: வீடியோ பார்த்து எம்ப்ராய்டரியில் ஃப்ரெஞ்ச் நாட் பழகுகிறேன், நூலை ஊசியில் சுற்றிப் போடும் குட்டி முடிச்சு. ஊசியை இழுத்ததும் முடிச்சு துணிக்கு அடியில் போய்விடுகிறது. விலை கூடிய நூல் வாங்கினால் சரியாகுமா?

ப: ஆகாது. நூல் மேலே வந்த ஓட்டையிலேயே ஊசியைத் திரும்ப இறக்குகிறீர்கள். துணியில் ஒன்றிரண்டு இழை தள்ளிக் குத்துங்கள். சுற்றிய நூலை மற்றக் கையால் இழுத்துப் பிடித்தபடியே ஊசியை இறக்குங்கள். காசு பையிலேயே இருக்கட்டும்.

கே: புல்லியன் நாட்டுக்கு, அதாவது நீளச் சுருள் போன்ற முடிச்சுக்கு, ஊசியில் நூலை எட்டுச் சுற்று சுற்றுகிறேன். ஊசி பாதியில் மாட்டிக்கொள்கிறது. 'எல்லாத் தையலுக்கும்' என்று போட்டிருந்த ஊசி செட்தான்.

ப: அந்த வாசகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாதாரண எம்ப்ராய்டரி ஊசிக்குக் காது உடம்பைவிட அகலம். நூல் கோக்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். ஃப்ரெஞ்ச் நாட்டின் ஒரு சுற்று, இரண்டு சுற்றுக்கு அது போதும். எட்டுச் சுற்றுக்குள் அந்தப் புடைத்த காதை நுழைத்தால் மாட்டாமல் என்ன செய்யும்? புல்லியனுக்கு மில்லினர்ஸ் ஊசி என்று கேளுங்கள். ஸ்ட்ரா ஊசி என்றாலும் அதுதான். நீளமாக இருக்கும், காதும் உடம்பும் ஏறக்குறைய ஒரே பருமன். இரண்டு விரலுக்கு நடுவே உருவிப் பாருங்கள், காதருகே தட்டக்கூடாது. எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதையும் நினைவில் வையுங்கள். இவ்வளவும் எனக்குத் தெரிவதற்குள் மூன்று செட் வாங்கித் தொலைத்தேன். ஒன்றிலும் ஊசியின் வகை இல்லை, எண் இல்லை. அட்டையில் பூப்படம் மட்டும் பெரிதாக. அந்தப் பூவே புல்லியன் ரோஜா! அதுதான் வயிற்றெரிச்சல்.

கே: நூறு நிறம் உள்ள நூல் டப்பா மலிவாக வருகிறது. வாங்கலாமா?

ப: நான் வாங்கினேன். வெள்ளைத் தலையணை உறையில் சிவப்பு முடிச்சுகளாகப் போட்டு, முதல் தடவை அலசியதும் ஒவ்வொன்றைச் சுற்றியும் ரோஸ் நிறத்தில் ஒரு வட்டம். பருத்தியா, பாலியஸ்டரா, ஒரு கண்டில் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வேண்டாம். எழுதியிருந்தாலும், ஈரமான வெள்ளைத் துணியில் நூலை அழுத்தித் தேய்த்துப் பார்த்த பிறகே தையுங்கள்.

கே: பில்லைத் தொலைத்துவிட்டேன். நூலில் பாதியைத் தைத்தும் விட்டேன். இப்போது நிறம் பிடிக்கவில்லை. கடையில் திருப்பி எடுப்பார்களா?

ப: நீங்கள் கடைக்காரராக இருந்தால் எடுப்பீர்களா?

கே: 'வாழ்நாள் முழுக்கப் பார்க்கலாம்' என்ற முடிச்சுத் தையல் வகுப்புக்குப் பணம் கட்டினேன். மூன்று வாரத்தில் பாடங்கள் காணாமல் போயின. பதிலும் இல்லை. நான்தான் ஏமாளியா?

ப: இல்லவே இல்லை. சொன்ன சொல்லை மீறியது அவர்கள். விளம்பரம், பணம் கட்டிய ரசீது, நீங்கள் அனுப்பிய செய்திகள் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒரு நாள் குறித்து, அதற்குள் பணத்தைத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிலும் புகார் கொடுங்கள். அதற்குக் கெடு உண்டு, இன்றைக்கே செய்யுங்கள். அப்புறம், எந்தப் பாடத்தோடு நின்றுபோனது? காலனியல் நாட் என்றால் பயப்பட ஒன்றுமில்லை: ஊசியில் நூலை 8 போலச் சுற்றி, பக்கத்தில் குத்தி இறக்குவதுதான்.